நொண்டியடித்த புலி

அத்தியாயம் 4

"அக்கா, புலி எந்தப் பக்கமா வரும்?"

"முன்னால வந்தா நீயே பார்த்துடுவே. பின்னால வந்தா கவலைப்பட நேரம் இருக்காது. ரோட்டப் பாரு, புனிதா."

நீலாவதி துப்பறியும் நிலையத்தின் மொத்தப் படையும் அந்தப் பழைய காஞ்சில் காடிக்குள், ஒரு குட்டிக் காருக்குள், அடக்கம். ஐம்பத்திரண்டு வயது நீலாவதி, குள்ளமாக, மடியில் கைப்பையோடு. ஓட்டுவது புனிதன். நாற்பது வயது. பத்து வருடம் லாரி ஓட்டிவிட்டு, பக்கத்தில் பேச ஆள் இல்லை என்பதற்காகவே அந்த வேலையை விட்டவன். சிரம்பானில் ஒரு சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு இருவரும் இதுவரை பிடித்ததெல்லாம் காப்புறுதிப் பணத்துக்காகப் பொய்யாக நொண்டிய ஆசாமிகளையும், ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போர்ட்டிக்சன் கடற்கரையில் காற்று வாங்கிய கணவன்மார்களையும்தான். புலி இதுதான் முதல் தடவை.

லிங்கி சாலையிலிருந்து பிரிந்து கெலாடித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை எழுந்து வெயிலை மறைத்தது. பச்சைப் போத்தலுக்குள் காடி ஓட்டுவது போல இருந்தது.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப முப்பது பேர் வரலயாம்," என்றாள் நீலாவதி.

"வராம இருக்க புலி நல்ல காரணம்கா. காய்ச்சல்னா டாக்டர் குடுத்த எம்.சி. கேப்பாங்க. புலிகிட்ட யாரு எம்.சி. கேப்பா?"

தோட்டத்தின் கடைசி ஓரத்தில், பழைய உரக் கிடங்கு ஒன்றுக்கு மஞ்சள் வண்ணமடித்து உண்டாக்கிய பாலர் பள்ளி இருந்தது. வாசற்படியில் விமலா டீச்சர் காத்திருந்தாள். இருபத்தாறு வயது. இரவு தூங்காத கண்கள்.

"இப்ப மணி ரெண்டு. நாலு மணிக்கு மேனேஜரும் பெத்தவங்களும் இங்க கூடுறாங்க, மேடம். அதுக்குள்ள ஒரு பேரு கெடைக்கணும். இல்லன்னா கிளாஸ மூடிடுவாங்க."

"புலிக்குப் பேரா?" என்றான் புனிதன்.

விமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மேனேஜர் ரொம்பத் தெளிவா சொல்லிட்டார். புலி நெஜம்னா பிள்ளைங்களுக்கு ஆபத்து, அதனால மூடணும். பொய்ன்னா அதச் செஞ்சது நான்தான், அதனாலயும் மூடணும்."

"நெஜமும் இல்லாம பொய்யும் இல்லாம ஒரு புலி கெடைக்குமான்னு பார்ப்போம்," என்றாள் நீலாவதி. "ஒங்க மேல ஏன் சந்தேகம்?"

"இந்தத் தோட்டத்திலேயே புலிக்கால் வச்சிருக்கிற ஒரே ஆள் நான்தான்."

உள்ளே போனதும் புனிதன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "அய்யோ! எலி செத்துக் கெடக்கா?"

"இல்லயே," என்றாள் விமலா, நிஜமாகவே குழம்பி.

"ஒண்ணுமே அடிக்கலயே, அங்கிள்," என்றது பதினோரு சின்ன மூக்குகளின் சார்பாக ஒரு குரல்.

நாற்றம் சுவரோரத்து அலமாரியிலிருந்து வந்தது. அதில் வரிசையாகக் கால்கள். ஆட்டுக் குளம்பு, உடும்பு, மரநாய், நீர்நாய், காட்டுப்பன்றி, ஒரு சேவல். எல்லாம் கித்தாப்பாலில், ரப்பர் மரத்துப் பாலில், செய்தவை. மழை பெய்த மறுநாள் பிள்ளைகளைச் சுற்றுக்கு, தோட்டத்தில் வேலை நடக்கும் மரப்பகுதிக்கு, கூட்டிப்போய், ஈர மண்ணில் பதிந்த தடத்துக்குள் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து கித்தாப்பாலை ஊற்றி, இரண்டு சொட்டு அமிலம் விட்டால் போதும். உறைந்ததும் உரித்தெடுக்கலாம். மிருகம் போய்விட்டிருக்கும், அதன் பாதம் கையில் இருக்கும்.

"நாலு கேள்வி சொல்லிக் கொடுத்திருக்கேன்," என்றாள் விமலா. முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம். "யாரு வந்தா? எந்தப் பக்கம் போனா? அவசரமா, நிதானமா? ரெண்டு தடம் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா, மேல இருக்கிறது யாரு? மேல இருக்கிறவங்கதான் கடைசியா வந்தவங்க. ஆறு வயசுக்கு இது போதும் மேடம். எழுத்து தெரியாத பிள்ளைகூட மண்ணைப் படிக்கும்."

"இந்த அங்கிள் சாஞ்சு நடப்பாரு," என்றாள் முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி. ரெட்டைச் சடை, முன்பல் இல்லை. வாசலில் புனிதன் கழற்றிப் போட்ட சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு."

"லாரி ஓட்டின காலு கண்ணு. கிளட்ச் பக்கம் கொஞ்சம் மரியாத அதிகம்."

"அவ பேரு ரதி," என்றாள் விமலா. "எங்க கிளாஸ்லயே கெட்டிக்காரி. கெட்டிக்காரின்னா... கொஞ்சம் தொந்தரவும்தான். போன மாசம் எங்க மேஸ்திரி, சுகுமாறன் மண்டோர், பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு மரத்தடியில ரெண்டு மணிநேரம் தூங்கினார்னு பெரட்டுக்களத்திலேயே போய்ச் சொல்லிட்டா."

புனிதன் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

புலிக்கால் தனியாக, பூட்டிய அலமாரியில் இருந்தது. மிருகக்காட்சி சாலை ஒன்றில் வேலை பார்க்கும் விமலாவின் உறவுக்காரர், கூண்டுச் சேற்றிலிருந்து அதே கித்தாப்பாலில் வார்த்துக் கொடுத்தது. வலது முன்னங்கால். ஒரு சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். நீலாவதி அதை எடுத்துப் புரட்டினாள். மற்ற கால்களில் எல்லாம் காய்ந்த மண் அப்படியே ஒட்டியிருந்தது. புலிக்கால் மட்டும் பளபளவென்று இருந்தது.

"நீங்க கழுவுவீங்களா?"

"கழுவவே விடமாட்டேன். மண்ணு இருந்தாதானே எந்தச் சுத்துல எடுத்ததுன்னு தெரியும்?"

நீலாவதி அதைப் புனிதனின் மூக்கருகே நீட்டினாள். அவன் தயங்கி முகர்ந்தான். "எலுமிச்சம்பழ வாசம். சட்டி கழுவுற சோப்புக்கா. இந்த ரூமிலேயே புலி ஒண்ணுதான் குளிச்சிருக்கு."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. மயிலு ஆன்ட்டிகிட்ட ஒண்ணு."

மயிலம்மாள் அப்போதுதான் மைலோ கலக்கிய கோப்பைகளோடு வந்தாள். பாலர் பள்ளிச் சமையல்காரி. நீலாவதியைவிட இரண்டு விரல் குள்ளம். புனிதன் முழங்கையை ஊன்றியிருந்த இடத்தை அவன் கையை எடுக்குமுன்பே துடைத்துவிட்டாள். அவள் கணவர் கணேசமூர்த்திதான் கோயில் தலைவர். நேற்று மதியம் புலித்தடத்தை முதலில் பார்த்து, "புலி! புலி!" என்று தோட்டமே அதிர ஓடிவந்தவர் அவர்தான்.

"பாவம் அவரு," என்றாள் மயிலம்மாள். "ராத்திரி பூரா ஒரு வாய் சோறு எறங்கல." சொல்லும்போதே ஒரு கோப்பை கை நழுவி விழுந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கியவள், ஈரத்துணியால் அந்த இடத்தை மூன்று தடவை துடைத்தாள்.

"அந்தத் தடத்த நாங்க பார்க்கணும்," என்றாள் நீலாவதி. "பிள்ளைங்களும் வரட்டும்."

"மேனேஜர் வெளிய விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார் மேடம். நேத்திலேர்ந்து ஒரு பிள்ளையும் அங்க போகல."

"பெரியவங்க யாராச்சும் கிட்டப் போய்ப் பார்த்தாங்களா?"

"ஒருத்தர் மட்டும் தூரத்திலேர்ந்து ஒரு தடத்தப் படம் எடுத்தார். வாட்ஸ்அப்ல எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க."

"நல்லா இருக்கு. தடம் படிக்கத் தெரிஞ்ச பதினோரு பேரையும் உள்ள பூட்டிட்டு, தெரியாதவங்க எல்லாம் போன்ல பார்த்துத் தீர்ப்பு சொல்றாங்க. வாங்க பிள்ளைங்களா."

பள்ளியின் பின்னால் கொஞ்ச தூரம் பழைய கித்தாக்காடு. அதன் ஊடே ஒரு ஒற்றையடிப் பாதை போய், ஒரு பாரிட்டின் மேல் போட்ட பலகையில் முடிந்தது. அந்த வாய்க்கால்தான் தோட்டத்தின் எல்லை. அதற்கு அப்பால் லிங்கி சாலை. பிள்ளைகள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வந்தார்கள். புனிதன் குடையை ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு, கவனமாக எல்லாருக்கும் பின்னால் வந்தான்.

பலகைக்கு இந்தப் பக்கம், ஈர மண்ணில், ஒன்பது தடங்கள்.

பதினோரு பேரும் குந்தினார்கள். பிறகு ரதி தலையைச் சொறிந்தாள்.

"டீச்சர், இது எல்லாமே வலது முன்னங்கால்."

"ஆமா டீச்சர், பின்னங்காலே இல்ல!"

"எடது காலும் இல்ல!"

"நாலு கால் இருக்கிற புலி ஏன் ஒரு கால்லயே போகுது?" என்றாள் நீலாவதி.

ரதிக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. "நொண்டி விளையாடியிருக்கு."

புனிதன் குடையை மடக்கினான். குனிந்து ஒரு தடத்தை முகர்ந்தான். "கிளாஸ்ல அடிச்ச அதே நாத்தம்! புலி கித்தாக் கட்டிப்பால் தின்னுட்டு வந்திருக்கு. டீச்சர், உங்களுக்கு அடிக்கலயா?"

"அடிக்கலயே."

"பொறந்ததிலேர்ந்து கித்தா வாசத்துல வளர்ந்தவங்க," என்றாள் நீலாவதி. "இத செஞ்ச ஆளுக்கும் அடிச்சிருக்காது. அதனால இந்தத் தோட்டத்து ஆளுதான். கால் திரும்ப அலமாரிக்குப் போயிருக்கு, அதனால சாவி இருக்கிற ஆளு."

விமலாவின் முகம் வெளுத்தது. "அப்ப நான்னுதானே ஆகும்?"

நீலாவதி தடங்களுக்குப் பக்கத்தில் மெதுவாக நடந்து பார்த்தாள். அவளுடைய ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு புலித்தடம் சரியாக வந்தது. ஒன்றரை அடிக்கு ஒரு கால். பாதையில் சன்னமான கோடுகள் வளைவு வளைவாகத் தெரிந்தன.

"சாப்பு லிடி," என்றான் புனிதன். "ஈர்க்குமாத்தால கூட்டியிருக்கு. குளிச்சு, மொழுகி, கூட்டி... இந்தப் புலிக்கு எங்க வீட்ல உடனே வேல போட்டுத் தருவேன்."

"இங்க தலைவர் அங்கிள்!" என்று கத்தினான் ஒரு பையன்.

நான்கு இடங்களில் புலித்தடத்தின் மேல் வெறுங்காலின் தடம். விரல்கள் மட்டும்தான் ஆழமாகப் பதிந்திருந்தன, குதிகாலே இல்லை.

"தலைவர்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது விரல் பெரிசு," என்றாள் ரதி, இது கூடத் தெரியாதா என்பது போல. "அப்புறம், இப்ப சிலிப்பர் போடாம யாரு நடக்கிறா? காப்புக் கட்டினவங்கதானே."

தீமிதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை கவிச்சி தொடக்கூடாது, காலில் எதுவும் போடக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. கணேசமூர்த்தி இருபது வருடமாகத் தீ மிதிப்பவர்.

ரதி பலகையைக் கடந்து அந்தப் பக்கம் போய்க் குந்தினாள். "இங்கயும் தலைவர் அங்கிள். போயிருக்காரு, வந்திருக்காரு. போறப்ப லேசு, வர்றப்ப ஆழம். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"செவ்வாக்கெழமையும் இப்படித்தான். அதுக்கு முந்தியும்."

"இத யார்கிட்டயாச்சும் சொன்னியா கண்ணு?"

ரதி நீலாவதியின் காதில் ஏதோ சொன்னாள். நீலாவதி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டாள். "புனிதா, கோயிலுக்குப் போவோம்."

கணேசமூர்த்தி கோயில் முன்னால் நின்று பூக்குழிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஆறடி. மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. முகத்தில் மட்டும் பல நாள் தாடிக்குள் ஒரு பயந்த பையன் ஒளிந்திருந்தான்.

"வாங்கம்மா. புலியப் பத்திக் கேக்கத்தானே? வேப்பிலை பறிக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். திடீர்னு பார்த்தா..."

நீலாவதி தலையை உயர்த்தினாள். மூவருமே ஒரு பெரிய வேப்பமரத்தின் நிழலில்தான் நின்றார்கள்.

"இது என்ன மரம் தலைவரே?"

கணேசமூர்த்தி மரத்தை இப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"இது வீட்டு வேப்பிலைக்கா," என்றான் புனிதன். "தலைவருக்கு இம்போர்ட் வேப்பிலைதான் ஆகும் போல."

"பலகைக்கு அந்தப் பக்கம் ஒங்க கால் இருக்கு," என்றாள் நீலாவதி மெதுவாக. "போறப்ப லேசு, வர்றப்ப ஆழம். அங்க லிங்கி ரோட்டுல ஒரு மலாய்க்காரக் கடை இருக்கு. வர்ற வழியில பார்த்தேன். வாசல்ல பெரிசா எழுதி வச்சிருக்கு, இத்தேக் சாலாய்."

புகை போட்ட வாத்து. சிலி பாடி மிளகாயும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவிட்ட மாசாக் லெமாக் குழம்பு. அந்தப் பெயரைக் கேட்டதும் கணேசமூர்த்தியின் தொண்டை தன்னையறியாமல் ஏறி இறங்கியது.

"வேட்டியில ஒண்ணும் தெரியாது," என்றான் புனிதன் பாராட்டும் குரலில். "மஞ்சள் வேட்டி, மஞ்சள் கொழம்பு. வாத்துக்குன்னே தச்ச யூனிஃபார்ம் லா."

பெரியவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணே தடவதான்மா. சத்தியமா மூணே தடவ. காத்துல அந்த வாசம் கோயில் வரைக்கும் வருது. மூணாந்தடவ சாப்ட்டுட்டுப் பலகையத் தாண்டினேன். எதுக்க புலிக்காலு! போறப்ப இல்ல, வர்றப்ப இருக்கு! ஆத்தா அனுப்பிட்டான்னு தெரிஞ்சு போச்சு. கத்திட்டே ஓடியாந்துட்டேன். எங்க போனீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. வேப்பிலைன்னு வாயில வந்துடுச்சு."

"ஆத்தா அனுப்பல. கித்தாப்பால்ல செஞ்ச காலு. யாரோ வச்சு அழுத்தியிருக்காங்க. ஈர்க்குமாத்தால மண்ணக் கூட்டி, காலை எலுமிச்சம்பழ சோப்பு போட்டுக் கழுவி, எடுத்த எடத்துலயே வச்சிருக்காங்க. இதுக்கு டீச்சர் மேல பழி. நாலு மணிக்குக் கிளாஸ மூடப் போறாங்க."

கணேசமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். "கழுவியா வச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும்போது புனிதன் விசிலடித்தான். "கேஸ் முடிஞ்சதுக்கா. வாத்த மறைக்க இவரே புலியப் போட்டுட்டார். சாவி பொண்டாட்டிகிட்ட இருந்து எடுத்திருப்பார்."

"அவர் ஒரு எட்டு வச்சா மூணு அடி. புலி வச்சது ஒண்ணரை."

புனிதனின் விசில் நின்றது.

நான்கு மணிக்குப் பள்ளி முற்றம் நிறைந்துவிட்டது. வேலை முடித்த பூட்ஸோடும் சிலிப்பரோடும் முப்பது பேர். மேனேஜர் தர்மேந்திரன் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வந்தார். முப்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. கடிகாரத்தைப் பார்த்தபடி, "சொல்லுங்க மேடம். நெஜமா, பொய்யா?" என்றார்.

"புனிதா," என்றாள் நீலாவதி, "புலியா நட."

"அக்கா, எனக்கும் ஒரு மானம்..."

"நட லா."

பிள்ளைகளின் மணல் திட்டில் புனிதன் இரு கைகளையும் கால்களையும் ஊன்றி நடந்தான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு தடவை உறுமியும் விட்டான். நீலாவதி மணலைக் காட்டினாள். வலது கை, இடது கை, வலது கால், இடது கால். பிறகு தன் போனில் எடுத்திருந்த ஒன்பது தடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது ஒரே கால். ஒன்பது தடவ. உங்க புலி நொண்டியடிச்சிருக்கு. கண்டுபிடிச்சது நான் இல்ல, இந்தப் பிள்ளைங்க. ரெண்டே நிமிஷம்."

முற்றமெங்கும் நிம்மதிச் சிரிப்பு. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "சோ, பொய். அப்ப டீச்சர்தான். நான் சொன்னது சொன்னதுதான்."

"டீச்சர் இல்ல." கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கணேசமூர்த்தி நடந்து வந்தார். காப்புக் கட்டிய கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "நான்தான் செஞ்சேன். காப்போட எல்லை தாண்டினேன். வாத்து சாப்ட்டேன். அந்த வழியில யாரும் வரக்கூடாதுன்னு புலிக்கால வச்சதும் நான்தான்."

முப்பது பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். மூலையில் நின்றிருந்த மயிலம்மாள் துடைப்புத் துணியைக் கசக்கினாள். விமலா அவரையே பார்த்தாள். பெயர் கிடைத்துவிட்டது. பள்ளி தப்பித்துவிட்டது. நீலாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இல்லயே," என்றது ஒரு சின்னக் குரல்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ரதி.

"தலைவர் அங்கிள் கால் புலி மேல இருக்கு. மேல இருக்கிறவங்கதான் கடைசியா வந்தவங்க. அவர் வர்றப்பவே புலி இருந்துச்சு. அவர் பயந்து ஓடினாரு. குதிகாலே படல."

"சும்மா இரு கண்ணு," என்று கெஞ்சினார் கணேசமூர்த்தி.

"டீச்சர், நான் சொன்னது சரிதானே?"

விமலா உதட்டைக் கடித்தாள். ஒரு தலையசைப்பு போதும், பிள்ளை அடங்கிவிடும், பள்ளி பிழைத்துவிடும். ரதி பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தாள்.

"சரிதான் ரதி," என்றாள் விமலா. "நீ சரியாத்தான் படிச்சிருக்கே."

"தப்பு எம்மேலதான்!" மயிலம்மாள் துணியை வீசிவிட்டு முன்னால் வந்தாள். "அந்த மனுஷன் ஏன் பொய் சொல்லணும்? நான்தான் வச்சேன். கூட்டினேன், கழுவினேன். மைலோ குடிக்கிறப்ப இந்தப் பிள்ளதான் சொன்னா, தலைவர் அங்கிள் கால் போறப்ப லேசு, வர்றப்ப ஆழம்னு. வீட்ல ஒரு வேள சோத்தோட விரதம் இருக்கிற மனுஷன் எப்படி ஆழமாவார்?"

"அத எங்கிட்டயே கேட்டிருக்கலாமே மயிலு!"

"கேட்டா ஒத்துக்குவீங்களா? இருபது வருஷத் தலைவரு! விரதத்த முறிச்சுட்டு நெருப்புல எறங்குவீங்க. கால் வெந்து கெடந்தா யாரு பார்ப்பா? நான் சொன்னா கேக்க மாட்டீங்க. ஆத்தா சொன்னா கேப்பீங்கன்னு நெனச்சேன். பயந்து, கமுக்கமா வீட்டுக்கு வருவீங்க, காப்ப அவுப்பீங்கன்னு பார்த்தா, ஊரையே கூட்டிட்டீங்க!" அவள் விமலாவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "ஒம்மேல பழி விழும்னு நெனைக்கல தாயி. காலையிலேர்ந்து சொல்லத்தான் பார்த்தேன். சொன்னா இவர் மானம் போகும். சொல்லாட்டி ஒன் வேல போகும். நெஞ்சு ரெண்டா கெடந்துச்சு."

கணேசமூர்த்தி மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து, காப்பின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"இந்த வருஷம் நான் மிதிக்கல. பூக்குழிக்கு வெறகு சுமக்கிறேன்."

"சுமங்க," என்றாள் மயிலம்மாள். "வாத்து கொஞ்சம் எறங்கும்."

பயந்து போய் இரண்டு நாளாகச் சிரிக்காமல் இருந்த தோட்டம் ஒரேயடியாகச் சிரித்தது. தர்மேந்திரன் கையை உயர்த்தினார்.

"போதும். எனக்கு யார் செஞ்சாங்கங்கிறது முக்கியமில்ல. இந்தக் கால்பாடம் இல்லன்னா இவ்வளவு கலாட்டாவும் இல்ல. மண்டோர் தூங்கினது, தலைவர் சாப்பிட்டது, எல்லாம் இந்தப் பிள்ளைங்க வாயாலதானே வருது? டிசிப்ளின் போச்சு. சாரி டீச்சர். திங்கட்கெழமையிலேர்ந்து கிளாஸ் இல்ல. பஸ் போட்டு டவுனுக்கு அனுப்பிடுவோம்."

விமலாவின் கண்கள் நிறைந்தன. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மேனேஜர் திரும்பிப் பார்த்ததும் அது அடங்கியது.

பிள்ளைகள் மேனேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நடந்து வந்த மண்ணைப் பார்த்தார்கள். சற்றுமுன் பெய்த தூறலில் அது பதமாக இருந்தது. முதலில் ரதி குந்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை. பிறகு பதினோரு பேரும்.

"இது மேனேஜர் சார் பூட்ஸ்," என்றாள் ரதி. "அடியில நட்சத்திரம் இருக்கும்."

"நான் பார்த்திருக்கேன்!" என்றான் ஒரு பையன். "செக்யூரிட்டி கார்ட் வீட்டுக்குப் பின்னால!"

"ஆமா, தெனமும் இருக்கும். ஜீப்பிலேர்ந்து நேரா அங்க போகும். சுத்துக்குள்ள போனதே இல்ல."

"அங்க இன்னொரு ஆளோட..."

"டீச்சர்!" என்றார் தர்மேந்திரன். குரல் ஒரு படி உயர்ந்திருந்தது. "திங்கட்கெழம கிளாஸ் எத்தன மணிக்கு?"

விமலா கண்ணைத் துடைத்தாள். "வழக்கமா எட்டு மணிக்கு சார்."

"எட்டு மணிக்கே ஆரம்பிச்சிடுங்க. பஸ்ஸெல்லாம் வேணாம், ரொம்ப தூரம். பிள்ளைங்கள உள்ள கூப்பிடுங்க. வெயில்ல குந்தக்கூடாது."

வானம் முழுக்க மேகமாக இருந்தது.

"கார்ட் வீட்டுக்குப் பின்னால என்னக்கா?" என்று கிசுகிசுத்தான் புனிதன்.

"அதக் கண்டுபிடிக்க நமக்கு யாரும் காசு தரல."

தர்மேந்திரன் ஜீப்புக்குத் திரும்பினார். வந்த வழியில் இரண்டு எட்டு வைத்தவர் நின்று, காலுக்குக் கீழே பார்த்தார். பிறகு பாதையை விட்டு இறங்கி, ஓரத்தில் இருந்த புல்லின் மேலேயே ஜீப் வரைக்கும் நடந்தார்.

கூட்டமும் கலைந்தது. முதலில் சுகுமாறன் மண்டோர். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக முப்பது பேரும் பேசாமல் புல்லுக்கு நகர்ந்தார்கள்.